இரண்டாவது டிக்கெட்

இந்தச் சம்பவத்தை நான் பல வருடங்களாக நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்புகிறேன் என்று சொல்ல முடியாது.

சொன்னவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வரிசையில் நின்ற பெண்களின் எண்ணிக்கை மாறும். ஒருமுறை நாற்பது, ஒருமுறை முப்பத்தாறு. எடுத்துச் சொன்னால், "எண்ணிக்கிட்டா நின்னேன்?" என்பார். ஒரு போலீஸ்காரர் எண்ணாமல் நின்றாரா என்பது என் முதல் சந்தேகம்.

அவர் பெயர் ஆவுடையப்பன். எங்கள் ஊரில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். இப்போது என் தெருவிலேயே குடியிருக்கிறார்.

அவருக்கு ஒரு குரு இருந்தார். கபடி மைதானத்துக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியவர். ஊரில் எல்லோரும் ஸ்டாண்டு சாமி என்பார்கள். சாமிக்கு அப்போது வயது நாற்பத்தொன்று, இன்ஸ்பெக்டருக்கு ஐம்பத்தாறு. அந்த ஸ்டாண்டில் டோக்கன் கிடையாது. வண்டியை நிறுத்துகிறவரின் முகத்தைச் சாமி ஒருமுறை பார்ப்பார். திரும்பி வரும்போது வண்டியைத் தள்ளிக் கொடுப்பார். ஒருநாளும் மாறியதில்லை.

"அவரைப் போய் எதுக்கு குருங்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்கிட்ட எந்த சிபாரிசுக்கும் வராத ஒரே ஆளு அவருதான்," என்றார் ஆவுடையப்பன்.

அந்த வருடம் மைதானத்தில் மூன்று மாதம் கபடிப் போட்டிகள் நடந்தன. டிக்கெட் நூறு ரூபாய். கவுண்டரில் ஆளுக்கு இரண்டு டிக்கெட்தான். ஆனால் கவுண்டர் திறந்த ஒரு மணி நேரத்தில் டிக்கெட் தீர்ந்துவிடும். பிறகு வாசலில் அதே டிக்கெட் ஐந்நூறு, அறுநூறு என்று பிளாக்கில் போகும். நடத்தியவன் மிட்டாய் துரை என்று ஒருவன். "மிட்டாய் வேணுமா, மிட்டாய்?" என்று காதருகே வந்து கேட்பான். அதனால் அந்தப் பெயர்.

ஆவுடையப்பன் அவனை ஒழிப்பதென்று முடிவு செய்தார்.

முதலில், ஒரே ஆள் இரண்டு முறை வரிசையில் வரக்கூடாதென்று, டிக்கெட் வாங்கியவர் விரலில் மை வைக்கச் சொன்னார். துரை இரண்டு மடங்கு ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தினான். அடுத்து, ஆதார் நகல் கொடுத்தால்தான் டிக்கெட் என்றார். மறுவாரம் துரையின் மச்சான் மைதானத்து மூலையில் தார்ப்பாய் கட்டி ஜெராக்ஸ் மெஷின் போட்டான். ஒரு காகிதம் ஐந்து ரூபாய்.

மூன்றாவதாகச் சுற்றிவளைத்துப் பிடித்தார். பத்தொன்பது பேர் சிக்கினார்கள். எல்லோரும் பெண்கள். சந்தைப் பேட்டையில் மூட்டை பிரிக்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள். துரை காலையில் அவர்களுக்கு டிக்கெட் காசு கொடுத்து வரிசையில் நிறுத்துவான். வாங்கிய டிக்கெட்டை அவர்களே வைத்திருக்க வேண்டும். துரை டிக்கெட் தேடி வந்தவனைப் பிடித்து வந்து, பணத்தை வாங்கிக்கொண்டு, கண்ணைக் காட்டுவான். டிக்கெட் அந்தப் பெண்ணின் கையிலிருந்து போகும். கூலி இருநூற்றைம்பது ரூபாயும் ஒரு எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலமும்.

அன்று துரையே காவல் நிலையத்துக்கு வந்தான். உள்ளே இருந்த பெண்களுக்கு டீ வாங்கி வந்திருந்தான்.

"பாவம், பொம்பளையாட்கள். பாத்து விடுங்கய்யா," என்றான்.

"இதைச் சொல்லும்போது உங்களுக்கு இப்பவும் கோபம் வருதே," என்றேன் ஆவுடையப்பனிடம்.

"வராதா பின்ன? டீ எனக்கும் சேத்து வாங்கிட்டு வந்திருந்தான்."

கடைசிப் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதில் ஒரு டிக்கெட்கூட பிளாக்கில் போகாது, போனால் நானே மாற்றல் கேட்டு எழுதித் தருகிறேன் என்று ஆவுடையப்பன் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டாண்டுக்குப் போனார்.

சாமி ஒரு ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"சாமி, துரையை எப்படி ஒழிக்கிறது?"

"அவன் கையில டிக்கெட் இருக்கா, ஐயா?"

"அதுதானே பிரச்சினை. அவன் கை எப்பவும் வெறுங்கை."

"அப்ப யாரு கையில இருக்கு?"

"கூலிக்கு நிக்கிற பொம்பளைங்க கையில."

"அவங்க யாரு?"

"அதான் சாமி, கூலிக்கு நிக்கிறவங்க."

"அதைச் சொல்லிட்டீங்க. யாரு?"

பத்தொன்பது பேரின் பெயரையும் கதவு எண்ணையும் ஆவுடையப்பனே எழுதியிருந்தார். அந்த நேரத்தில் ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை.

சாமி ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டார்.

"நாளைக்கு நான் வரிசையில நின்னு டிக்கெட் எடுக்கப் போறேன். நீங்களும் வாங்க."

"சாமி, நாளைக்கு முப்பது பேரு மப்டியில நிக்கப் போறாங்க. டீக்கடையில, பழக்கடையில, பஸ் ஸ்டாப்புல. மூணு மணிக்குத்தான் வியாபாரம் சூடு பிடிக்கும். நான் விசில் ஊதினா ஒருத்தர் விடாம அள்ளிருவோம்."

"விசில் யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

"அப்ப மூணு மணி வரைக்கும் உங்களுக்கு வேலை கிடையாது. வேட்டி கட்டிட்டு வாங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கு இருவரும் வரிசையில் நின்றார்கள். ஆவுடையப்பன் தலையில் துண்டு கட்டியிருந்தார். விசில் வேட்டி மடிப்பில் இருந்தது. அவர்களுக்கு முன்னால் முழுக்கத் துரையின் ஆட்கள். கடைசியில் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னால் நின்றவள் தோளைத் தட்டினாள்.

"ஏட்டி, இன்ஸ்பெட்டரு. துண்டு கட்டிருக்காரு."

"எதுக்காம்?"

"நம்மளுக்குத் தெரியக் கூடாதாம்."

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. ஆவுடையப்பன் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பயப்படாதீங்க," என்றார் சாமி. "இன்னைக்கு அவரு என்கூட வந்த ஆளு."

"நாங்க எங்க பயந்தோம்? அவருதான் முகத்தை மூடிக்கிட்டு வந்தாரு," என்றாள் அவள்.

அவள் பெயர் பேச்சிக்கனி. நாற்பத்தைந்து வயதிருக்கும். போன தடவை பிடிபட்ட பத்தொன்பது பேரில் அவளும் ஒருத்தி. அதை அவளே சொன்னாள். "ஐயாதான் என் பேரை எழுதினாரு. தகப்பன் பேரைக் கேட்டாரு. எங்கப்பா செத்து முப்பது வருசம் ஆச்சுன்னேன். அதையும் எழுதிக்கிட்டாரு."

ஆவுடையப்பன் கவுண்டர் பக்கம் பார்த்தார்.

"எத்தனை ஆட்டத்துக்கு நின்னுருக்கீங்கம்மா?" என்று சாமி கேட்டார்.

"இது பன்னெண்டாவது."

"எந்த ஆட்டம் நல்லா இருந்துச்சு?"

"ஆட்டமா? டிக்கெட்டைக் குடுத்துட்டு சோத்துப் பொட்டலத்தை வாங்கிட்டுப் போயிருவோம், சாமி. எங்க தெரு இந்தச் சொவருக்குப் பின்னாலதான். ஓன்னு ஒரு சத்தம் வரும். உடனே அடங்கிரும். திரும்ப ஓன்னு வரும்."

"அந்தச் சத்தம் எதுக்குன்னு தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்? நாங்க பேசிக்கிடுவோம், எவனாவது விழுந்துட்டான் போலன்னு."

சாமி தரையில் செருப்பு நுனியால் ஒரு கோடு போட்டார்.

"இந்தப் பக்கமிருந்து ஒருத்தன் அந்தப் பக்கம் போவான். மூச்சு விடாம கபடி கபடின்னு சொல்லிக்கிட்டே போகணும். அங்க ஏழு பேரு நிப்பாங்க. ஒருத்தனையாவது தொட்டுட்டு, பிடிபடாம, இந்தக் கோட்டுக்குத் திரும்பி வரணும்."

"ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதான்."

"ஏழு பேரும் சேந்து பிடிப்பாங்களா?"

"சேந்துதான் பிடிப்பாங்க."

"மூச்சு முட்டிச்சுன்னா?"

"அவுட்டு."

பேச்சிக்கனி கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னால் நின்றவள், "என்னட்டி சொல்லுதாரு?" என்று கேட்டாள். இவள் சொன்னாள். அவள் அதற்கு முன்னால் நின்றவளிடம் சொன்னாள். வரிசை நெடுகப் பேச்சு போனது. நடுவில் ஒருத்தி சத்தமாக, "எங்க மாமியா வீட்டுக்கு நான் போன மாதிரில்லா இருக்கு!" என்றாள். பக்கத்துக் கடைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

ஆவுடையப்பன் பல்லைக் கடித்தார்.

"சாமி, கபடி வகுப்பு எடுக்கவா வந்தோம்?"

"அந்தம்மா கேட்டாங்க. சொன்னேன்."

கதையில் இந்த இடம் வரும்போதெல்லாம் நான் குறுக்கிட்டிருக்கிறேன். இவ்வளவு எளிதாகவா ஒருவர் மனதில் ஆசை முளைக்கும் என்று கேட்பேன். "எனக்கும் அப்ப தெரியலை. எரிச்சலாத்தான் இருந்துச்சு," என்பார் ஆவுடையப்பன். நான் விடாமல் வாதாடுவேன். வாதாடியதற்கு வேறு ஒரு காரணம் இருந்தது. அதை அவரிடம் நான் சொன்னதில்லை. அதே மைதானத்து வாசலில் நானும் ஒருமுறை ஐந்நூறு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறேன். துரை பணத்தை வாங்கினான். டிக்கெட் ஒரு பெண்ணின் கையிலிருந்து வந்தது. எப்படிப்பட்ட பெண் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் டிக்கெட்டைத்தான் பார்த்தேன்.

பத்து மணிக்குக் கவுண்டர் திறந்தது. பெண்கள் வரிசையாக இரண்டிரண்டு டிக்கெட் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். சாமியின் முறை வந்தபோது ஒன்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு தரலாமே," என்றார் கவுண்டர்காரர்.

"ஒரு ஆளுதான் இருக்கேன்," என்றார் சாமி.

ஆவுடையப்பன் டிக்கெட் எடுக்கவில்லை. அதற்குள் அவர் சாலையோர டிரான்ஸ்பார்மர் பக்கம் ஒதுங்கி நின்ற துரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாகப் பெண்கள் டிரான்ஸ்பார்மர் பக்கத்து நிழலில் போய் உட்காருவார்கள். அன்றும் பாதிப் பேருக்கு மேல் அங்கேதான் போனார்கள். பேச்சிக்கனி போகவில்லை. மைதானத்து வாசலில், பூட்டிய கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் இன்னொருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள்.

இரண்டு மணிக்குக் கேட்டைத் திறந்தார்கள். அப்போது அங்கே பதினான்கு பேர் இருந்தார்கள். இந்த எண்ணிக்கை மட்டும் ஆவுடையப்பன் சொல்லி ஒருபோதும் மாறியதில்லை.

துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

"ஏட்டி பேச்சி, இங்க என்ன சோலி? அங்க ஆளு காத்துக்கிட்டிருக்கான். வா."

"நான் ஆட்டம் பாக்கப் போறேன்."

"என்னது?"

"ஆட்டம். ஏழு பேருக்குள்ள ஒத்தையில போவானாமே."

"ஏட்டி, அது என் காசுல எடுத்த டிக்கெட்டு!"

"உம்ம காசு எரநூறு. என் கூலி எரநூத்தம்பது. கழிச்சுக்கிடும். மிச்சம் அம்பதையும் நீரே வச்சுக்கிடும். பாவம், வெயில்ல நிக்கீரு."

துரை சுற்றிலும் பார்த்தான். மப்டியில் நின்ற போலீஸ்காரர்கள் உட்படப் பலரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே உனக்கு வேலை கிடையாது, பாத்துக்க."

"அடுத்த ஆட்டம் எப்ப?"

"அடுத்த வருசம்."

"அப்ப அடுத்த வருசம் வந்து சொல்லும்."

துரை டிரான்ஸ்பார்மர் பக்கம் நடந்தான். கேட்டருகே இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருத்தி தன் மகளைக் கூட்டிவர வீட்டுக்கு ஓடினாள். ஒருத்தி புருஷனுக்கு ஆள் அனுப்பினாள். டிரான்ஸ்பார்மர் நிழலில் இருந்த ஒருத்தியைப் பேச்சிக்கனி கைகாட்டி அழைத்தாள்.

"நீ போயிட்டு வா மைனி. எனக்கு இன்னைக்குக் கூலி வேணும்," என்றாள் அந்தப் பெண்.

பேச்சிக்கனி மறுபடி அழைக்கவில்லை.

ஆவுடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. பதினான்கு பேர் கைவிட்டுப் போனாலும், துரையிடம் இன்னும் இருபத்தைந்து பேர் மிச்சம் இருந்தார்கள். ஐம்பது டிக்கெட். மணி இரண்டே முக்கால். துரை விலையை ஆயிரமாக ஏற்றிவிட்டான். பழக்கடையில் நின்ற ஏட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் விசிலைக் கையில் எடுத்தார்.

"சாமி, பதினாலு பேரு உள்ள போறது சந்தோசம். ஆனா நான் ஒரு டிக்கெட்கூட போகாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"சரி."

"இப்ப ஊதினா பிடிச்சிரலாம்."

"யாரை?"

ஆவுடையப்பன் டிரான்ஸ்பார்மர் பக்கம் பார்த்தார். கூலி வேண்டும் என்று சொன்ன பெண் மடியில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துரை பத்தடி தள்ளி, வெறுங்கையை வீசிக்கொண்டு நின்றான்.

அப்போது பேச்சிக்கனி கேட்டருகேயிருந்து நடந்து வந்தாள். அவளிடம் இன்னொரு டிக்கெட் இருந்தது. புருஷன் இல்லை. மகளைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தாள். கூட உட்காரவைக்க ஆள் இல்லை. அவள் கையில் டிக்கெட்டைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கையில் மாட்டியிருந்த ஒருவன் ஓடி வந்தான்.

"அக்கா, எண்ணூறு தாரேன். இந்தா, பிடிங்க."

நோட்டுகளை அவள் பார்த்தாள். பார்க்காததுபோல் நடிக்கவில்லை. மூன்று நாள் கூலிக்கு மேல் அது. பிறகு இன்ஸ்பெக்டரிடம் வந்தாள்.

"ஐயா, நூறு ரூவா வச்சிருக்கியளா?"

"எதுக்கு?"

"இந்த டிக்கெட்டை எடுத்துக்கிடுங்க. வாங்கின வெலைதான்."

"எனக்கு எதுக்கும்மா?"

"அந்தத் தம்பிகிட்ட குடுத்தா நீங்க என்னைப் பிடிப்பிய. உங்ககிட்ட குடுத்தா யாரைப் பிடிப்பிய?"

ஹெல்மெட்காரன் மெதுவாகப் பின்வாங்கினான். ஆவுடையப்பனுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ஒரு கையில் விசில். அவர் முகத்துக்கு நேரே அவள் நீட்டிய டிக்கெட்.

சாமி தன் டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"ஐயா, கிரவுண்டுக்குப் பந்தோபஸ்து வர ஆரம்பிச்சு எத்தனை வருசம்?"

"முப்பது இருக்கும். பல ஊரு, பல கிரவுண்டு."

"ஒரு ஆட்டமாவது பாத்திருக்கீங்களா?"

"எப்படி சாமி பாக்கிறது? பந்தோபஸ்துக்கு நிக்கிறவன் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிக்கணும். கூட்டத்தைப் பாக்கணும். அதுதான் டூட்டி."

"அந்தம்மா ரொம்ப நேரமா கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

"சாமி, விளையாடாதீங்க. நான் உள்ள போயிட்டா இந்த வாசலை யாரு பாக்கிறது?"

சாமி கேட்டைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். டிக்கெட் கிழிப்பவரிடம் கொடுத்துப் பாதியை வாங்கிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"இத்தனை வருசம் யாரு பாத்தா?"

ஆவுடையப்பன் எப்போதும் கதையை இங்கே நிறுத்திவிடுவார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

அந்த மாதமே அவருக்கு மாற்றல் வந்தது உண்மை. ஆனால் அது தேர்தல் வருடம். எங்கள் மாவட்டத்தில் எல்லா இன்ஸ்பெக்டர்களுக்கும் வந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நிலையத்தில் கேட்டால் அன்றைக்கு எத்தனை வழக்கு என்று தெரிந்திருக்கும். நான் கேட்கப் போகவில்லை. வேறொருவர் சொல்லி அதைத் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பம் இல்லை. சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பது வசதியாகவும் இருந்தது.

போன வாரம் அவர் மறுபடி சொன்னார். வரிசையில் நின்றது இந்த முறை முப்பத்தொன்பது பேர். அதே இடத்தில் நிறுத்தினார். துண்டை எடுத்தார். எழுந்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"அண்ணாச்சி, விசிலை ஊதினீங்களா, உள்ள போனீங்களா?"